சமத்துவப் பயிற்சி முடித்த மகனுக்கு

வேலா,

நீ எதிரில் இருந்தால், நான் பேசத் தொடங்கியதுமே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் ஒரு வாரத்தில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் நித்யாவும் குன்னத்தில் பார்த்திருக்கும் வாடகை வீட்டுக்குக் குடிபோய்விடுவீர்கள். பெரம்பலூரில் சொந்த வீடு இருக்க, ஒரே பையன் எதற்கு வாடகை வீட்டுக்குப் போகிறான் என்று தெருவே என்னைக் கேட்டாயிற்று. ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், அளவைக் கொடுத்துவிட்டு இதையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் சின்னதாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். முழுக்கதையை உனக்குச் சொல்கிறேன். உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் நீ அதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாய். நான் ஓரமாக உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன்.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை வாங்கி, தோலை உரித்து, பாக்கெட் போட்டுத் திருச்சி ஓட்டல்களுக்கு அனுப்பும் கம்பெனியை நீ ஆரம்பித்தபோது, "வெங்காயம் உரிச்சுக் குடுக்குறதெல்லாம் ஒரு தொழிலா" என்று உன் அப்பாவே கேட்டார். பிறகு கம்பெனி எழுந்து நின்றது, நடந்தது, ஓடியது. இளம் தொழில்முனைவோர் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவியோடு சேர்ந்து வந்ததுதான் பயிற்சி. தலைமைப் பொறுப்பில் இருக்கும் இளம் தொழில்முனைவோருக்கான பாலினச் சமத்துவப் பயிற்சி. பெயரே பேனரில் இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தினார்கள். கடைசி நாளன்று ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ உன் அப்பாவைத்தான் கூப்பிட்டாய். "எனக்குப் பல்லு வலிக்குது, சமத்துவத்துக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போ" என்றார் அவர். அப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயிற்சிக்கு வந்த பையன்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி அப்பாவை அழைத்து வந்திருந்தார்கள். குடும்பத்தினருக்கான வரிசை முழுக்க வெள்ளை வேட்டி. பொண்ணு பார்க்க வந்த கூட்டம் போல இருந்தது. திருச்சியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மா அந்த வரிசையைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க முன்னாடி வாங்க" என்று முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். நீயே கொஞ்சம் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாய். பல்வலி செய்த புண்ணியம்.

அவர் உன்னைத்தான் முதலில் எழுப்பினார். "வேலு, உங்க கம்பெனியில பெண்கள் இருக்காங்களா?"

நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்ககிட்ட முக்காவாசி லேடீஸ்தான் மேடம்" என்றாய்.

"ரொம்ப நல்லது. என்ன வேலை பாக்குறாங்க?"

"வெங்காயம் உரிக்கிறாங்க மேடம்."

"சூப்பர்வைசர் யாரு?"

"அது... எங்க சித்தப்பா பையன்."

"கணக்கு பாக்குறவரு? வண்டி ஓட்டுறவரு?"

"அவங்க ஜென்ட்ஸ்தான் மேடம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "அப்ப அழுவுற வேலை மட்டும் லேடீஸுக்கு."

மண்டபமே சிரித்தது. வேட்டி வரிசையும் சிரித்தது. பெற்ற தாய் சிரிக்கக் கூடாதுதான், ஆனால் எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். மூக்குத்தியும் சிமெண்ட் படிந்த ஷூவுமாக நித்யா உட்கார்ந்திருந்தாள். அரியலூர்ப் பக்கம் ஹாலோ பிளாக் கல் போடும் கம்பெனி நடத்துகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவளும் அப்பாவைத்தான் அழைத்து வந்திருந்தாள். கேட்டதற்கு, "அம்மா வரேன்னாங்க. கல்லுக்குத் தண்ணி விட ஆள் இல்ல, அதான் அவங்கள விட்டுட்டு வந்தேன்" என்றாள்.

அடுத்து நாடகம் மாதிரி ஒன்று வைத்தார்கள். ஆண்கள் பெண்ணாக நடிக்க வேண்டும், பெண்கள் ஆணாக நடிக்க வேண்டும். பயிற்சியாளருக்கு யாரை யாரோடு சேர்ப்பது என்று தெரிந்திருக்கிறது. நீ கடன் கேட்டு வங்கிக்குப் போகும் பெண் தொழிலதிபர், நித்யா வங்கி மேலாளர். அவள் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? வீட்டுக்காரரு என்ன பண்றாரு? அவரு வரலையா? நாளைக்கு ஒரு கொழந்த பொறந்தா கம்பெனிய யாரு பாத்துப்பா? கொழந்தைய யாரு பாத்துப்பா?" நீ முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். அவள் விடவில்லை. வெங்காயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் வீட்டுக்காரரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். உன் காது சிவந்தது. கடைசியில் மேசையைத் தட்டிவிட்டு, "கொழந்தைய என் பொண்டாட்டி பாத்துப்பா சார்!" என்று கத்தினாய்.

நீ பெண்ணாக நடிக்கிறாய் என்பது உனக்கே மறந்துவிட்டது. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மண்டபம் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. நித்யா மட்டும் சிரிக்கவில்லை. "என்கிட்ட கேட்டப்ப இந்தப் பதில சொல்ல எனக்கு வழியில்லாமப் போச்சு" என்றாள் சாதாரணமாக. அவள் கேட்டதெல்லாம் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள். சிரிப்பு அப்படியே நின்றது. வெளியே டீ கொடுக்கும் இடத்தில் நீ அவளிடம் போய் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அன்றிலிருந்து இருவரும் "தொழில் விஷயமாக" பேசத் தொடங்கினீர்கள். வெங்காயத்துக்கும் ஹாலோ பிளாக்குக்கும் நடுவில் மணிக்கணக்காகப் பேச அப்படி என்ன தொழில் விஷயம் என்று நான் கேட்கவில்லை.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாய். கம்பெனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மலர்க்கொடியைச் சூப்பர்வைசராக்கினாய். சித்தப்பா பையனை வண்டிக்கு அனுப்பினாய். அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். இதெல்லாம் நல்ல காரியம். பிறகு வீட்டுக்குள் சமத்துவம் கொண்டுவந்தாயே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இனிமே ஞாயித்துக்கெழம நான்தாம்மா சமையல், நீ கிச்சன் பக்கமே வரக்கூடாது" என்றாய். ரசத்துக்கு ஒரு பாத்திரம், புளி கரைக்க ஒன்று, பருப்பு மசிக்க ஒன்று, இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஊற்றிப் பார்க்க இன்னொன்று. அடுப்பங்கரையில் இருந்த அத்தனை பாத்திரமும் தொட்டிக்கு வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். உன் அப்பா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் மெதுவாக, "இந்தப் பயிற்சி எத்தன வாரத்துக்கு வேலை செய்யும்?" என்று கேட்டார், ஏதோ மாத்திரையைப் பற்றிக் கேட்பது போல. தொட்டியில் இருந்ததை யார் கழுவினார்கள் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. குன்னத்தில் அந்தத் தொட்டியைக் காலி செய்வதும் சேர்ந்ததுதான் சமையல், இப்போதே தெரிந்துகொள்.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், ஜாதகமும் பொருந்தியிருந்தது. தட்டுகளோடு வேன் பிடித்து அரியலூர் போனோம். நித்யா வீட்டில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, உன் குரும்பலூர் அத்தை ஆரம்பித்தார். அவருக்கு உன் மேல் உயிர். அதனால்தான் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு வார்த்தை உண்டு. "பொண்ணு நல்ல பொண்ணுதான். வெயில்ல நின்னு நின்னு கறுத்துப் போயிட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கல்லு வேலையெல்லாம் வேணாம். எங்க மருமவன் சம்பாதிக்கிறது போதும்."

நித்யாவின் அப்பா லாரி ஓட்டி மகளைப் படிக்க வைத்தவர். நல்ல மனிதர். அன்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்த பயத்தில், "அதுக்கென்னங்க, விட்டுடும்" என்று தலையாட்டிவிட்டார். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் பேசியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது நீ பேச வேண்டிய இடம், நான் பேசினால் உனக்கு அந்த இடமே இல்லாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன். நீ வேட்டியைச் சரிசெய்தாய். மின்விசிறியைப் பார்த்தாய். பிறகு தட்டிலிருந்து ஒரு கை மிக்சரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அது தீர்ந்ததும் இன்னொரு கை எடுத்தாய். மலர்க்கொடியைச் சூப்பர்வைசர் ஆக்கும்போது நீ முதலாளி, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிட்டது. அத்தைக்கு முன்னால் நீ வெறும் மருமகன். பயிற்சியில் அதற்குப் பாடம் நடத்தவில்லை போலிருக்கிறது.

உள்ளேயிருந்து நித்யா வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. யாரையும் முறைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "தட்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேங்க. அவங்க வெங்காயக் கம்பெனிய எப்ப மூடுறாங்க?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் எதுக்கும்மா மூடணும்?"

"இல்லங்க, மூடுறதுன்னா ரெண்டு பேரும் சமமா மூடிடலாமேன்னுதான் கேட்டேன்."

தட்டு மாற்றாமலே, கொண்டுபோன தட்டுகளோடு திரும்பி வந்தோம். வேன் கொஞ்ச தூரம் போனதும் அத்தை தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "வாய்த்துடுக்கு. தப்பிச்சோம்னு நெனச்சுக்க மருமவனே" என்றார். பல்வலிக்காரரான உன் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் இருந்தா அங்கயே சொல்லியிருக்கலாமேக்கா. இல்லாததாலதான வண்டியில ஏறிட்டோம்?" அத்தை வாயில் பழம் இருந்ததால் பதில் வரவில்லை. நீ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அழுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு நீ அவளுக்கு அனுப்பிய நீள நீளமான மெசேஜுகளுக்கெல்லாம், "லோடு இருக்கு. அப்புறம்" என்று ஒரே பதில்தான் வந்தது. நீ சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனிக்குப் போனாய், வந்தாய். ஒருநாள் காலையில் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாய். "நீ போய் ஒரு வார்த்த பேசும்மா. பொம்பளைக்குப் பொம்பள புரிஞ்சுக்குவீங்க."

"கல்யாணம் எனக்கா, ஒனக்கா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்ததால், "நீயே பேசு, நான் கூட வரேன். கல்லு எப்படிப் போடுறாங்கன்னு பாத்த மாதிரியும் இருக்கும்" என்றேன்.

நித்யாவின் கம்பெனியில் அன்று ஆள் குறைவு. லாரி ஒன்று நின்றிருந்தது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க அத்த" என்று எனக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டாள். உனக்குப் போடவில்லை. அவள் நடக்க நடக்க நீ பின்னாலேயே போய்ப் பேசினாய். "நித்யா, அன்னிக்கு எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"மிக்சர் நல்லா இருந்துச்சா?"

"நித்யா..."

"ரெண்டு தடவ எடுத்துச் சாப்பிட்டீங்களே, அதான் கேட்டேன்."

அந்த நேரத்தில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். லோடு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த நித்யாவைத் தாண்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சும்மா நின்றுகொண்டிருந்த உன்னிடம் நேராக வந்தார். "வணக்கம் சார். எட்டு இஞ்ச் கல்லு வேணும். எப்ப சார் குடுப்பீங்க?"

நித்யா நின்றுவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு உன்னைப் பார்த்தாள். அன்று நிச்சயதார்த்தத்தில் எல்லாரும் உன்னைப் பார்த்தார்களே, அதே மாதிரி. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் மிக்சர் எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நீ ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாய்.

"எனக்கு வெங்காயத்தப் பத்தித்தாங்க தெரியும். இங்க ஓனர் அவங்க."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஓ... மன்னிச்சுக்கங்கம்மா. அப்ப சார் யாரு, உங்களுக்கு?"

நித்யா கையைக் கட்டியபடியே நின்றாள். நீதான் சொன்னாய். "அத இன்னும் அவங்க முடிவு பண்ணலைங்க."

அவள் சட்டென்று கல் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது உனக்குத் தெரிந்திருக்காது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. கான்ட்ராக்டரிடம் பேசி அனுப்பிவிட்டு வந்தாள். "உங்க அத்தைகிட்ட யாரு பேசுவா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றாய். "எப்ப?" என்றாள். "இப்பவே கெளம்புறேன்" என்று வண்டிப் பக்கம் ஓடினாய். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அப்போதுதான் உனக்கு நாற்காலி வந்தது.

அத்தை வீட்டில் நீ பேசியதை என்னால் மறக்க முடியாது. "நித்யா கம்பெனிய மூட மாட்டா அத்த. மூடித்தான் ஆவணும்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு." அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்ன கெட்ட எண்ணத்துலயாடா சொன்னேன்? வெயில்ல கெடந்து ஒடம்பு கெட்டுப்போவுதேன்னு சொன்னேன்."

"வெயில் எனக்கும்தான அடிக்குது அத்த. என்னைய யாரும் மூடுன்னு சொல்லலையே?"

அத்தை உன்னை மேலும் கீழும் பார்த்தார். "அது சரி. நீயும் கறுத்துத்தான் போயிருக்க" என்றார். பிறகுதான் அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. "அவ கல்லுக்குப் போயிட்டா ஒனக்கு யாருடா சோறு ஆக்குவா?"

"நானும் ஆக்குவேன்."

அத்தை என்னைப் பார்த்தார். "இவன் ஆக்குவானா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆக்குவான் அண்ணி. சாப்புடுறதுதான் கஷ்டம்" என்றேன். அத்தை சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் அத்தை பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டாவது தடவை தட்டு எடுத்துக்கொண்டு போனபோது வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான். போன வேகத்தில் நித்யாவிடம், "எங்க வீட்டுச் சுத்துச்சுவரு இடிஞ்சு கெடக்கு, கல்லு என்ன வெலம்மா?" என்று கேட்டதையும் நீ பார்த்தாய்.

பெரம்பலூரிலா அரியலூரிலா என்று இருவரும் சண்டை போட்டு, கடைசியில் நடுவழியில் குன்னத்தைப் பிடித்தீர்கள். உன் அப்பாவிடம் தெருக்காரர் ஒருவர், "பையன் மாமனார் ஊருப் பக்கம் போறானாமே" என்று இழுத்தாராம். இவர், "காலையில ஆளுக்கொரு பக்கமா முதுகக் காட்டிக்கிட்டுக் கெளம்புவாங்க, சாயங்காலம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வருவாங்க. நாம நாள் முழுக்க மூஞ்சியப் பாத்து என்னத்தக் கண்டோம்?" என்று சொல்லியிருக்கிறார். வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உனக்கு ஒன்றிரண்டு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இப்போது நீ சங்கத்தில் சமத்துவம் பற்றிப் பேசக் கிளம்பியிருக்கிறாய். போன கூட்டத்தில் நித்யாவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மைக் அவள் கைக்குப் போவதற்குள் நீ வாங்கி, அவள் பட்ட கஷ்டத்தையெல்லாம் அழகாக நீயே சொன்னாயாம். கைதட்டல் கிடைத்திருக்கும். கல் கம்பெனியில் அன்று நீ ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாயே, அவளுக்குப் பிடித்தது அதுதான். நீ பேச வேண்டிய இடத்தில் மிக்சர் சாப்பிடாதே, அவள் பேச வேண்டிய இடத்தில் மைக்கை வாங்காதே. எது எந்த இடம் என்று உனக்குச் சந்தேகம் வந்தால் அவளையே கேள், வெட்கப்படாதே. இன்னொன்று, குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று அந்த நாடகத்தில் ஒரு கேள்வி வந்ததே, அதற்கு நீங்கள் இருவரும் இன்னும் பதில் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். வயிற்றில் வந்த பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது, ஏற்கெனவே முடிவான மாதிரி அவள் தலையில் விழுந்துவிடும். முன்னாலேயே பேசிவிடுங்கள். வெங்காய விலை ஏறிய அன்றும் அவளுக்கு லோடு திரும்பி வந்த அன்றும் மட்டும் பேச வேண்டாம்.

நேற்று நித்யா போன் செய்தாள். "அத்த, குன்னத்துக்கு வந்து ஒரு வாரம் இருங்க. ஆனா ஒரு வேலையும் செய்யக் கூடாது. சும்மா உக்காந்திருக்கணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், சும்மா உட்கார்வது எப்படி என்று எனக்குத் தெரியாதே! நான் நாற்காலியில் உட்கார்ந்தால் காலடியில் தையல் மெஷின் இருக்கும், இல்லாவிட்டால் மடியில் முறம் இருக்கும். பழகிப் பார்க்கலாம் என்று இன்று மதியம் ஹாலில் நாற்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிவியும் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் அப்பா வந்தார். வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். "என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார். இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு அடுப்பங்கரைக்குள் போனார். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. எழுந்து போகத் துடித்த காலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டம்ளரில் டீயோடு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் போட்ட முதல் டீ. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார்.

எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்கு குடித்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு, நீங்களும் கொஞ்சம் குடிங்க" என்று டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

அம்மா